நாய்க்குத் தோள் நீவிவிடும் பனிநாடு



நாள் முழுவதும் உழைத்துவிட்டு வந்தவருக்குத் தோள்பட்டை வலித்தால் நம் வீட்டில் என்ன நடக்கும்? தைலப் போத்தல் வரும். மனைவியோ பிள்ளையோ கையில் தைலத்தை ஊற்றி, வலிக்கும் இடத்தைத் தேடித் தேய்த்துவிடுவார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். சுளுக்கு விழுந்துவிட்டால் அதை எடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் லயத்தில் இருப்பார். நல்லெண்ணெயைத் தொட்டு, விரலால் அழுத்திப் பார்த்து, "இங்கேதானே?" என்று கேட்பார். "ஐயோ, அங்கேதான்!" என்று நாம் அலறுவோம்.

அப்படி அலறுவதற்கு நமக்கு வாய் இருக்கிறது. வாயில்லாத ஒரு ஜீவனுக்குத் தோளில் சுளுக்கு விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்லும்? அதற்கும் நீவிவிட ஆள் உண்டா?

உண்டு என்கிறது ஒரு நாடு. அங்கே நாய்களின் தோளையும் மணிக்கட்டையும் தொடையையும் நாள்தோறும் நீவிவிடுகிறார்கள். செல்வச் செழிப்பில் செய்யும் செல்லம் என்று நினைத்துவிடாதீர்கள். நீவிவிடும் கை ஒரு பிடிப்பைக் கவனிக்கத் தவறினால் அந்த நாயின் கால் கெட்டுப்போகும். சில வேளை உயிருக்கே ஆபத்தாகும். வாருங்கள், இருந்த இடத்திலிருந்தே அந்தப் பனிநாட்டுக்கு ஒரு பயணம் போய்வருவோம். கம்பளிச் சட்டையை மட்டும் மறந்துவிடாதீர்கள்!

அலாஸ்கா எங்கே இருக்கிறது?

உலகப் படத்தை விரித்து வட அமெரிக்காவின் மேற்கு மூலையைப் பாருங்கள். ரஷ்யாவை எட்டித் தொடுவதுபோல் ஒரு நிலம் நீண்டிருக்கும். அதுதான் அலாஸ்கா. 1867ஆம் ஆண்டு ரஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டாலருக்கு அமெரிக்கா வாங்கிய பூமி இது. 1959இல் அமெரிக்காவின் 49ஆவது மாநிலமாயிற்று. பரப்பளவில் நம் மலேசியாவைப்போல் ஐந்து மடங்கு. மக்களோ ஏழரை இலட்சத்துக்கும் குறைவு. அவ்வளவு பெரிய நிலத்தில் அவ்வளவு குறைந்த மக்கள் என்றால், பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இன்றும் அங்கே பல சிற்றூர்களுக்கு விமானத்திலோ படகிலோதான் போக முடியும். குளிர்காலத்தில் ஆறுகளும் கடலோரமும் உறைந்துவிட்டால், அந்த உறைபனியே சாலையாகிவிடும்.

அந்தச் சாலையில் முன்பெல்லாம் ஓடியது சறுக்கு வண்டி. நம் ஊரில் ஒரு காலத்தில் மாட்டுவண்டி செய்த வேலையை அங்கே நாய்கள் செய்தன. தபால் மூட்டை, அரிசி பருப்பு, தங்கச் சுரங்கத்துக்கு வேண்டிய சாமான் எல்லாவற்றையும் நாய்கள் இழுத்துக்கொண்டு போயின.

உயிர் காத்த ஓட்டம்

1925ஆம் ஆண்டு ஜனவரி மாதம். மேற்குக் கடலோரத்தில் இருக்கும் நோம் என்னும் ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் கண்டது. ஊரில் இருந்த ஒரே மருத்துவர் கர்டிஸ் வெல்ச். அவரிடம் இருந்த மருந்தோ காலங்கடந்தது. கடல் உறைந்துவிட்டதால் கப்பல் வராது. அந்தக் காலத்து விமானம் அந்தக் குளிரில் பறக்காது. மருந்தை ரயிலில் நெனானா என்னும் ஊர்வரை கொண்டுவந்தார்கள். அதற்குமேல் 674 மைல் தூரம் நாய்கள்தான்.

ஏறக்குறைய 20 ஓட்டிகள், சுமார் 150 நாய்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மருந்துப் பொட்டலம் மாறிக்கொண்டே போயிற்று. ஐந்தரை நாளில், பிப்ரவரி 2ஆம் தேதி, மருந்து நோம் வந்து சேர்ந்தது. கடைசிக் கட்டத்தில் ஓடிய பால்ட்டோ என்ற நாய்க்கு அதே ஆண்டில் நியூயார்க் பூங்காவில் சிலை வைத்தார்கள். எல்லாரையும்விட நீண்ட, ஆபத்தான வழியை ஓடி முடித்தது லியோன்ஹார்ட் செப்பலா என்பவரின் டோகோ என்ற நாய். புகழ் ஒருவருக்கும் பாடு இன்னொருவருக்கும் என்பது நாய் உலகத்திலும் உண்டு போலிருக்கிறது!

1960களில் பனியில் ஓடும் மோட்டார் வண்டிகள் வந்தன. நாய்களின் வேலை போயிற்று. ஊர் ஊராக நாய்க் கொட்டகைகள் காலியாயின. இதைக் கண்டு மனம் பொறுக்காதவர் ஜோ ரெடிங்டன். பழைய நாய் வண்டிப் பாதை அழியக்கூடாது, அந்த நாய் இனமும் அழியக்கூடாது என்று டோரத்தி பேஜ் என்ற அம்மையாருடன் சேர்ந்து பந்தயம் ஒன்றுக்கு வழி செய்தார். 1973ஆம் ஆண்டு ஆங்கரேஜ் நகரிலிருந்து நோம் வரை முதல் ஓட்டம் நடந்தது. அதன் பெயர் இடிட்டாரோட். தங்கம் தீர்ந்ததும் மக்கள் கைவிட்டுப் போன ஒரு பழைய சுரங்க ஊரின் பெயர் அது. தூரம் ஏறத்தாழ 1,000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டர். முதல் முறை வென்றவர் வந்து சேர 20 நாள் ஆயிற்று. 2017இல் வென்றவர் 8 நாள் 3 மணி நேரத்தில் வந்துவிட்டார். வேகம் இப்படிக் கூடினால் தசைகளின் பாடு எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாயின் தோளில் ஒரு விசேஷம்

பாதையில் இறங்குவதற்கு முன்னால், நாயின் உடலைப் பற்றி ஒரு சங்கதி தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் கையைக் கழுத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள். காறை எலும்பு தட்டுப்படும். நம் கையை நெஞ்சுக் கூட்டோடு பூட்டி வைத்திருப்பது அந்த எலும்புதான். நாய்க்கு அப்படி ஒரு பூட்டு கிடையாது. அதன் முன்னங்கால்கள் உடம்போடு சேர்ந்திருப்பது முழுக்க முழுக்கத் தசையாலும் தசைநாராலும்தான். நிற்கும்போது உடல் எடையில் 100க்குச் சுமார் 60 பங்கு அந்த முன்னங்கால்கள்மேல்தான் விழுகிறது.

ஆகவே ஓடும் நாய்க்கு முதலில் வலி காண்பது தோளில். அடுத்தது மணிக்கட்டு. நாய்க்கு மணிக்கட்டா என்று சிரிக்காதீர்கள். முன்னங்காலில் பாதத்துக்குச் சற்று மேலே மடங்கும் மூட்டு இருக்கிறதே, அது நம் கையின் மணிக்கட்டுக்குச் சமமானது. இந்தப் பந்தயத்தில் எலும்பு, தசை சம்பந்தமாகக் காணும் காயங்களில் மிகுதியானவை இந்த இரண்டு இடங்களில்தான்.

அந்த நாய்களைப் பார்த்தால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். படங்களில் வரும் பெரிய, பஞ்சு மூட்டை போன்ற நாய்கள் அல்ல அவை. அலாஸ்கா ஹஸ்கி என்ற கலப்பு இனம். எடை 20 முதல் 25 கிலோதான் இருக்கும். ஒல்லியான உடம்பு, நீண்ட கால்கள். பந்தய நாள்களில் ஒரு நாயின் ஒரு நாள் உணவு 10,000 கலோரிக்கும் மேல். நல்ல உழைப்பாளி மனிதர் ஒருவர் மூன்று நாள் சாப்பிடுவதை ஒரே நாளில் தின்று, அதை ஓட்டமாக மாற்றிவிடும். இறைச்சியும் கொழுப்பும்தான் முக்கிய உணவு.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வலி

சரி, பாதையைப் பார்ப்போம். மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஆங்கரேஜ் நகரத் தெருவில் ஊர்வலம்போல் ஒரு தொடக்கம். மறுநாள் வில்லோ என்னும் ஊரில் மெய்யான ஓட்டம் தொடங்கும். ஒரு வண்டிக்கு 16 நாய்கள் வரை பூட்டுவார்கள். வண்டியில் கோடாலி, படுக்கைப் பை, பனிக் காலணி, அடுப்பு ஆகியவற்றுடன் ஒரு நாய்க்கு 8 துணிக் காலுறைகளும் கட்டாயம் இருக்க வேண்டும். பாதத்தைப் பனிக்கட்டி அறுக்காமல் காப்பவை அந்த உறைகள்.

முதல் இரண்டு நாளில் மலை ஏற்றம். ஃபிங்கர் லேக் தாண்டியதும் ஹேப்பி ரிவர் படிகள் என்று ஒரு செங்குத்துச் சரிவு. பிறகு ரெய்னி கணவாய். அதற்கப்பால் டால்செல் பள்ளத்தாக்கு. இறக்கத்தில் வண்டி நாய்களை முந்தப் பார்க்கும். நாய்கள் முன்னங்காலை ஊன்றி ஊன்றித் தாவும். நாம் மலைப் படிக்கட்டில் வேகமாக இறங்கினால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறதல்லவா? பத்துமலைப் படியேறி இறங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதே கதைதான், தொடைக்குப் பதில் தோள்.

மலை தாண்டினால் நிகோலாய், மெக்ராத், தக்கோட்னா, ஓஃபிர் என்று சிற்றூர்கள். அங்கே பனி சில ஆண்டு மாவுபோல் மெத்தென்று கிடக்கும். மேலே மட்டும் ஓடுபோல் இறுகி, கீழே பொலபொலவென்று இருக்கும் பனிதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. நான்கு எட்டு ஓடினால் ஐந்தாவது எட்டில் கால் பொத்தென்று உள்ளே போகும். உள்ளே போன காலை இழுத்து எடுக்கும்போது தோளும் மணிக்கட்டும் திருகிக்கொள்ளும்.

பிறகு யூகான் ஆறு. உறைந்த ஆற்றின்மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எதிர்க்காற்று மட்டும் முகத்தில் அறையும். ஒரே மாதிரியான ஓட்டம், ஒரே தசைக்கு ஓயாத வேலை. கடைசியில் உனாலக்லீட் வந்தால் கடலோரம். ஷக்டூலிக்கிலிருந்து கோயுக் வரை உறைந்த கடலின் மேலேயே பயணம். அங்கே வழவழப்பான பனிக்கட்டியில் கால் வழுக்கினால் இடுப்பின் உட்பக்கத் தசை இழுத்துக்கொள்ளும். வெளியே வீக்கம் தெரியாது. நாய் நொண்டாமலும் ஓடும். முதுகு மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க அனுபவப்பட்ட கண்ணும் கையும் வேண்டும்.

சாவடியில் நடப்பது என்ன?

வழியில் இருபதுக்கும் மேற்பட்ட சாவடிகள் உண்டு. ஒரு வண்டி வந்து நின்றதும் நடப்பதைக் கவனியுங்கள். ஓட்டி பல மணி நேரம் பனியில் நின்றபடியே வந்திருப்பார். தூக்கம் கண்ணைச் செருகும். வெளியே சைபருக்குக் கீழே 30, 40 பாகை குளிர். ஆனாலும் அவர் தமக்காக ஒரு வாய் காப்பிகூட முதலில் குடிக்கமாட்டார்.

முதலில் நாய்களுக்குத் தின்ன ஏதேனும் ஒரு துண்டு. பிறகு காலுறைகளைக் கழற்றுவார். வைக்கோலைப் பரப்பிப் படுக்கை போடுவார். பனியை அடுப்பில் உருக்கித் தண்ணீராக்கி, இறைச்சி கலந்து சூடாகக் கொடுப்பார். நாய்கள் சுருண்டு படுத்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு நாயின் பக்கத்திலும் மண்டியிட்டு உட்காருவார். அந்தக் குளிரில் வெறுங்கை என்றால் சும்மாவா? ஆனால் கையுறையோடு தசையைத் தடவினால் ஒன்றும் தெரியாது.

முதலில் உள்ளங்கையால் தடவுவார். கழுத்திலிருந்து தோள், தோளிலிருந்து கால், முதுகு, தொடை. எங்கே சூடு அதிகம், எங்கே கட்டியாக இருக்கிறது, எங்கே தொட்டால் நாய் சட்டென்று தோலைச் சுருக்குகிறது என்று பார்ப்பார். இடப் பக்கத்தை வலப் பக்கத்தோடு ஒப்பிடுவார். காலை முன்னால் நீட்டி, பின்னால் இழுத்து, மணிக்கட்டை மெல்ல மடக்குவார். அதன் பிறகே நீவுதல். பாதத்திலிருந்து நெஞ்சை நோக்கி நீண்ட தடவல். இறுகிய தசையை விரல்களுக்கிடையே எடுத்து மாவு பிசைவதுபோல் மெதுவாகப் பிசைதல். கட்டி தென்பட்ட இடத்தில் கட்டை விரலால் சிறு சிறு வட்டம். மணிக்கட்டு வீங்கியிருந்தால் அனுமதிக்கப்பட்ட தைலம் பூசி, இதமான உறை ஒன்றைச் சுற்றிவிடுவார்.

பதினாறு நாய்க்கும் இப்படி. முடிந்த பிறகுதான் ஓட்டிக்குச் சாப்பாடு. தூக்கம் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. மறுபடியும் காலுறை மாட்டும் வேலை வந்துவிடும். 24 மணி நேர ஓய்வு ஒன்றும், 8 மணி நேர ஓய்வு இரண்டும் விதிப்படி கட்டாயம். மற்ற ஓய்வுகள் ஓட்டியின் மனச்சாட்சியைப் பொறுத்தவை.

மருந்து ஏன் கொடுக்கவில்லை?

நீங்கள் கேட்கலாம்: இவ்வளவு பாடு எதற்கு? வலிக்கு ஒரு மாத்திரை, ஓர் ஊசி போட்டால் முடிந்ததே?

இங்கேதான் இந்தப் பயணத்தின் முக்கியமான சேதி இருக்கிறது. ஓடும் நாய்க்கு வலி மறைக்கும் மருந்தும் வீக்கம் வற்றவைக்கும் மருந்தும் கொடுக்கக்கூடாது என்பது பந்தய விதி. நாய்களின் சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பார்கள். 2017இல் முன்னணி ஓட்டி ஒருவரின் நான்கு நாய்களிடம் வலி நீக்கி மருந்து தென்பட்டபோது பெரிய சர்ச்சையே மூண்டது. அவர் கொடுக்கவில்லை என்றார். பந்தயக் குழுவும் 2018இல் அவர்மேல் குற்றமில்லை என்று அறிவித்தது. ஆனாலும் ஓராண்டுக்கு மேல் அந்தப் பேச்சு ஓயவில்லை.

ஏன் அவ்வளவு கண்டிப்பு? மருந்து வலியை மறைத்துவிடும். வலி தெரியாத நாய், கிழிந்த தசையோடு இன்னும் 100 மைல் ஓடும். ஓடுவதில் அவற்றுக்கு அவ்வளவு ஆசை. நொண்டிக்கொண்டே வண்டியை இழுத்து, "போதும்" என்று சொல்லத் தெரியாமல் ஓடிவிடும். நீவிவிடும் கை வலியை மறைக்காது. இறுகிய தசையைத் தளர்த்தும், இரத்த ஓட்டத்துக்கு உதவும், நாய்க்கு ஆறுதல் தரும். அதே சமயம் "இந்த இடத்தில் வலி இருக்கிறது" என்பதையும் ஓட்டிக்குச் சொல்லிவிடும். நீவுதல் எல்லாக் காயத்தையும் ஆற்றிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கிழிந்த தசை ஆற நாள்கள் வேண்டும், சில வேளை வாரங்கள் வேண்டும். எத்தனை முறை தேய்த்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

வீட்டுக்கு அனுப்பும் துணிவு

அப்படிக் கை ஒரு சேதியைச் சொல்லிவிட்டால் ஓட்டி என்ன செய்வார்? அந்த நாயைச் சாவடியிலேயே விட்டுவிட வேண்டும். திரும்பச் சேர்த்துக்கொள்ள முடியாது. புது நாயையும் பூட்ட முடியாது. பதினாறில் தொடங்கியவர் பத்தோடு நோம் போய்ச் சேருவது சாதாரணம். கடைசியில் 5 நாய்களாவது வண்டியில் இருந்தாக வேண்டும்.

நல்ல நாயை, அதுவும் முன்னணி நாயை விட்டுவிடுவது எளிதா? ஓராண்டு உழைப்பு, ஆயிரக்கணக்கான டாலர் செலவு, பரிசுப் பணம் எல்லாம் கண்முன் வந்து நிற்கும். இன்னும் இரண்டு சாவடி தாங்கும் என்று ஆசை சொல்லும். தாங்காது என்று கை சொல்லும். எதைக் கேட்பது என்பதில்தான் ஒரு மனிதரின் தரம் தெரிகிறது.

சாவடிகளில் தொண்டாக வேலை செய்யும் கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு குழுவையும் சோதித்து, ஓட்டியின் குறிப்பேட்டில் கையெழுத்திடுகிறார்கள். இருதயம், உடலில் நீர்ச்சத்து, பசி, மனநிலை, எடை, நுரையீரல் ஆகியவற்றோடு கால்களும் மூட்டுகளும் அவர்கள் பார்வையிலிருந்து தப்பா. விட்டுவிடப்பட்ட நாய்களைச் சிறு விமானங்களில் தொண்டர் விமானிகள் ஏற்றிவருவார்கள். பல ஆண்டுகள் அப்படி வந்த நாய்களை ஆங்கரேஜுக்கு அருகே ஈகிள் ரிவர் ஊரில் இருக்கும் பெண்கள் சிறைச்சாலையில் கைதிகள் பராமரித்தார்கள் என்றால் நம்புவீர்களா? வீட்டையும் பிள்ளைகளையும் பிரிந்திருக்கும் பெண்கள், யாரோ ஒருவரின் நொண்டி நாய்க்குச் சோறு வைத்துத் தடவிக்கொடுத்தார்கள்.

பந்தயத்தில் முதலில் வருபவருக்குப் பரிசு உண்டு. அதோடு, நாய்களை மிக நன்றாகப் பேணியவருக்கும் தனியாக ஒரு விருது உண்டு. டோகோவின் எசமானர் செப்பலாவின் பெயரால் வழங்கும் அந்த விருதுக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கால்நடை மருத்துவர்கள். முதலில் வருவதும் பேணுவதும் ஒருவரிடமே சேர்ந்திருக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. கால்நடை மருத்துவ உதவியாளராக வேலை பார்த்த சூசன் புட்சர் என்ற அம்மையார் 1986, 1987, 1988, 1990 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் வென்றார். குட்டியாக இருக்கும்போதே ஒவ்வொரு நாயையும் தொட்டுப் பழகி வளர்த்தவர் அவர். 2006இல் காலமானார்.

மறுபக்கமும் உண்டு

வாசகர்களே, இனிப்பான பகுதியை மட்டும் சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. இந்தப் பந்தயமே கூடாது என்று விலங்கு நல அமைப்புகள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகின்றன. பந்தயத்தில் நாய்கள் இறந்ததும் உண்டு. 2020 முதல் 2023 வரை ஒரு நாயும் இறக்கவில்லை என்று மகிழ்ந்திருந்தபோது, 2024இல் மூன்று நாய்கள் இறந்தன. 2025இல் ஒன்று. ஆதரவு தந்த சில பெரிய நிறுவனங்கள் விலகிக்கொண்டன. இயற்கையும் சும்மா இருக்கவில்லை. போதிய பனி இல்லாமல் 2003, 2015, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் தொடக்கத்தை வடக்கே ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

நாய்கள் ஓடப் பிறந்தவை என்கிறார்கள் ஒரு சாரார். ஓடப் பிறந்திருக்கலாம், ஆயிரம் மைல் ஓடவா பிறந்தன என்கிறார்கள் இன்னொரு சாரார். இந்த வழக்கை நாம் இங்கே தீர்த்துவிட முடியாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். ஒரு ஜீவனிடம் வேலை வாங்குகிறவன் அதன் உடம்பைத் தன் கையால் தொட்டு அறிந்திருக்க வேண்டும். வாங்குகிற வேலை எவ்வளவு பெரியதோ, அறியவேண்டிய கடமையும் அவ்வளவு பெரியது.

நம் வீட்டு நாய் நொண்டினால்

பயணத்தை முடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வருவோம். பூனையைத் துரத்தி, சாக்கடையைத் தாண்டி, மோட்டார் சைக்கிளைத் துரத்தி நம் வீட்டு நாய்க்கும் தசை பிடித்துக்கொள்வதுண்டு. அப்போது இவற்றை மனத்தில் வையுங்கள்.

முதலில் பாதத்தைப் பாருங்கள். முள், கண்ணாடித் துண்டு, உடைந்த நகம் இருக்கலாம். காலை ஊன்றவே மறுத்தாலோ, எலும்பு கோணலாகத் தெரிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, புண் இருந்தாலோ கையை வைக்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். தேய்த்துச் சரிசெய்யும் வேலை அல்ல அது.

சாதாரணத் தசைப் பிடிப்பாகவே இருந்தாலும் முதல் இரண்டு மூன்று நாள் நீவக்கூடாது. உள்ளே கிழிந்த இடம் இன்னும் கிழியும். ஓடவிடாமல் கட்டிப்போடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, பத்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கம் தணிந்த பிறகு, மருத்துவர் சரி என்றால், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இதமாக ஒத்தடம் கொடுத்து, உள்ளங்கையை முழுவதும் பதித்து, பாதத்திலிருந்து நெஞ்சை நோக்கி ஐந்து நிமிடம் மெல்லத் தடவுங்கள். எலும்பின்மேல் அழுத்தாதீர்கள். நாய் தலையைத் திருப்பிப் பார்த்தாலும், உதட்டை நக்கினாலும், காதைப் பின்னுக்கு இழுத்தாலும், உடம்பை விறைத்தாலும் நிறுத்திவிடுங்கள். அதுதான் "அங்கேதான் வலிக்கிறது" என்று அது சொல்லும் முறை. வலி பொறுக்காவிட்டால் எவ்வளவு நன்றியுள்ள நாயும் கடிக்கும் என்பதை மறவாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் நினைவில் வையுங்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் தைலம், பாம் எதையும் நாய்க்குத் தேய்க்காதீர்கள். கற்பூரம், மெந்தால், வலித் தைலங்களில் கலக்கும் விண்டர்கிரீன் எண்ணெய் எல்லாம் நமக்கு மருந்து. நாய்க்கோ அவற்றை நக்கினால் நஞ்சு. பூசிய இடத்தை நக்காத நாயும் உலகில் இல்லை! பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைப் பாதி உடைத்துக் கொடுப்பதும் கூடாது. சிறு அளவே ஈரலையும் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடக் கூடும்.

இவ்வளவும் நாய் நொண்டிய பிறகு செய்வது. அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, காசும் செலவில்லை. வாரம் ஒரு முறை, நாய் சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, தலைமுதல் வால்வரை இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். நலமாக இருக்கும்போது அதன் தோள் எப்படி இருக்கும், தொடை எப்படி இருக்கும் என்பதை உங்கள் கை தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு நாள் ஏதேனும் மாறியிருந்தால் கை உடனே கண்டுகொள்ளும். உண்ணியும் கட்டியும்கூட அப்படித்தான் அகப்படும்.

அலாஸ்காவின் ஓட்டிகள் சைபருக்குக் கீழே 40 பாகைக் குளிரில் கையுறையைக் கழற்றிச் செய்கிற காரியம் இது. நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. மாலையில் அஞ்சடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்துவிடலாம். இன்றே தொடங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் தடவினால் உங்கள் நாய் கண்ணை மூடிக்கொள்கிறது என்பதையும் அப்படியே தெரிந்துகொள்வீர்கள்.